சீமாட்டிக்கு வெட்டிய கைக்குழி

அந்தத் தெருவில் சட்டை தைப்பவர்கள் மூவர் இருந்தனர். சட்டையைச் சட்டையாகத் தைக்கத் தெரிந்தவர் ஒருவரே. காலரின் இரு முனைகளும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பனபோல் இருக்கவேண்டும். பையின் கோடு உடம்புத் துணியின் கோட்டோடு விட்ட இடத்தில் போய்ச் சேரவேண்டும். சட்டையைப் புரட்டிப் போட்டால் எது உள், எது வெளி என்று ஒரு கணமாவது பார்ப்பவர் திகைக்கவேண்டும். இவற்றுள் ஒன்றையும் செய்யாமல், நான்கு துண்டுத் துணியைச் சேர்த்து ஓட்டி அதற்குச் சட்டை என்று பெயரிட்டு விற்க இக்காலத்தில் எவருக்கும் கூச்சமில்லை. தையற்காரருக்கு அந்தக் கூச்சம் இருந்தது. அதனால்தான் அவர் கையால் தைத்தது ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அதனால்தான் அது வாடிக்கையாளர் கைக்கு வந்து சேரவும் அவ்வளவு காலமாயிற்று.

வீடு நீளவாக்கில் அமைந்தது. தெருவை ஒட்டிய அறைதான் கடை. அங்கே ஒரு தையல் இயந்திரமும், பாதி தைத்த கோட்டுகள் தொங்கும் கம்பியும், ஜன்னலோரம் ஒரு பழைய மேசையும் இருந்தன. அந்த மேசை காற்சட்டை வெட்டப் போதும். கோட்டு வெட்டப் போதாது. கோட்டு வெட்டும் நாளில் அவர் படுக்கையறை மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிற்பலகையின்மேல் துணியை விரிப்பார். மனைவி வேலையிலிருந்து வந்து, நிமிர்ந்து நிற்கும் மெத்தையைப் பார்த்ததும், "இன்னிக்குக் கோட்டா?" என்பாள். மருந்துக் கடையில் நாள் முழுதும் நின்று வேலை பார்த்தவள், துணியில் கோடு போடும் சுண்ணத்தூள் படிந்த கட்டிலில் சாய்வதைப் பற்றி வேறொன்றும் சொன்னதில்லை.

கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் நீளமான வெட்டு மேசை ஒன்றைப் போட்டுவிடவேண்டும் என்பது தையற்காரரின் நெடுநாள் விருப்பம். மனத்துக்குள் அந்தக் கொட்டகையை அவர் எத்தனையோ முறை வெட்டித் தைத்துவிட்டார். இடந்தான் இடித்தது. கொல்லையின் ஒரு பக்கத்தைத் தண்ணீர்த் தொட்டியும் துணி துவைக்கும் இடமும் பிடித்துக்கொண்டன. வெயில் விழும் மறுபக்கத்தில், மிகச் சரியாக மேசை வரவேண்டிய இடத்தில், சீமாட்டி அமர்ந்திருந்தாள்.

சீமாட்டி என்பது செடி. டே லில்லி வகை. நீண்ட புல்லிலைகள் விசிறிபோல் விரிந்து நடுவிலிருந்து தண்டு எழும்பும்; தண்டின் தலையில் மொட்டுகள் திரளும். ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுள். காலையில் விரிந்தது மாலையில் சுருங்கி, மறுநாள் பிழிந்து போட்ட துணிபோல் தொங்கும். ஆனாலும், இன்று ஒன்று நாளை ஒன்று என்று மொட்டுகள் முறை வைத்து விரிவதால், நல்ல செடியாக இருந்தால் கோடை முழுதும் பூவுக்குப் பஞ்சமிராது. நல்ல செடியாக இருந்தால்.

மனைவி அதை ஒரு நாற்றுப் பண்ணையில் பூவோடு பார்த்து மயங்கி வாங்கி வந்தாள். அழகைப் பொறுத்தவரையில் தையற்காரருக்கும் மறுப்பு இல்லை. பொய் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. ஆரஞ்சுப் பழத்தின் சுளை நிறத்தில் இதழ். தொண்டையருகே கருந்திராட்சைச் சாயம் ஊறிப் பரவியதுபோல் ஒரு வட்டம். இதழின் ஓரமெல்லாம் நெருக்கமாகச் சுருக்கம் வைத்துத் தங்க நூலால் இழைத்ததுபோன்ற கரை. எந்த நூற்கடையிலும் எந்த எண்ணிலும் கிடைக்காத நிறம் அது. எல்லாம் சரி. ஆனால் கோடை முழுவதற்கும் இரண்டு தண்டு, தண்டுக்கு நாலைந்து மொட்டு. அவற்றிலும் சில மஞ்சளித்து உதிர்ந்துவிடும். காலை குளிர்ந்திருந்தால் சுருக்கக் கரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூ பாதியில் நின்றுவிடும். வந்த நாளில் எத்தனை விசிறியோ இன்றும் அத்தனையே. எரு வைத்துப் பார்த்தாள். முட்டையோட்டைப் பொடித்துப் போட்டாள். நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றினாள். சீமாட்டி அசைந்து கொடுக்கவில்லை.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீ இத்தன உபசாரம் பண்ணல" என்றார் தையற்காரர்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்க பூக்கலையேங்க" என்றாள் மனைவி.

அதே கொல்லையின் மூலையில், சுவரோரம், பெயர் தெரியாத மஞ்சள் லில்லி ஒன்று காடாய் மண்டிக் கிடந்தது. தையற்காரரின் அக்காள் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, "எங்க வேணாலும் குத்தி வை, பொழைச்சுக்கும்" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போனது. அது பிழைத்ததோடு நில்லாமல் பெருகியது. எந்தக் கவனிப்பும் இன்றித் தண்டு தண்டாகப் பூத்துத் தள்ளியது. அழகென்று சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை, உழைப்புக்குக் குறைவில்லை.

கோடை தொடங்கும் முன்பே தையற்காரர் வெல்டரிடம் கொட்டகைக்குச் சொல்லி வைத்தார். மனைவி கடைக்கு வந்து மேசையருகே நின்றாள். வக்கீல் ஒருவரின் கறுப்புக் கோட்டுக்கு ஒரு பக்கத்துக் கைத்துணி பொருத்திக்கொண்டிருந்த நேரம். அவர் உதடுகளுக்கிடையே ஒரு வரிசைக் குண்டூசி.

"இந்தக் கோடை மட்டும் அத விட்டுடுங்க. மஞ்சளோட மகரந்தத்த எடுத்து இதோட பூவுல தடவப் போறேன். காய் பிடிச்சா விதை வரும். இதோட அழகும் அதோட உழைப்பும் சேர்ந்து ஒரு செடி வரும். காய் பழுக்கிற வரைக்கும் எடம் குடுங்க. அப்புறம் தோண்டி எடுத்துட்டு நீங்க கொட்டாய் போட்டுக்கோங்க. சரியா?"

"ம்" என்றார் தையற்காரர்.

"தடவின பூவுக்கு அடையாளம் வெப்பேன். அதத் தொடக்கூடாது."

"ம்."

கைத்துணி தோளில் ஒரு சுருக்கமுமின்றி உட்கார்ந்தது. அவருக்கு உலகில் வேறொன்றும் அப்போது கேட்கவில்லை. கோடை முடிந்து கொட்டகை என்பது மட்டும் எப்படியோ காதில் விழுந்து தங்கிற்று.

கோடை வந்தது. சீமாட்டி வழக்கப்படி இரண்டு தண்டுகளை விட்டாள். முதற்பூ விரிந்த காலையில் வக்கீல் கோட்டைக் கேட்டு வந்தார்.

"என்னய்யா, முடிஞ்சுதா?"

"காலர் உள்ளுக்குக் கேன்வாஸக் கையால தெச்சிட்டிருக்கேன் சார். மிஷின்ல அடிச்சா மடிப்பு உக்காராது."

"கோர்ட்டுல நான் வாங்குற வாய்தாவவிட நீ குடுக்கிற வாய்தா அதிகம்யா. என் கட்சிக்காரன் ஒருத்தன் உள்ள போயிட்டுத் தண்டனைய முடிச்சுட்டு வெளியவே வந்துட்டான். நான் இன்னும் அதே பழைய கோட்டுலதான் நிக்கிறேன்."

அளவு சரிபார்க்கக் கைகளை விரித்து நின்ற வக்கீலின் பார்வை, நடையைத் தாண்டிச் சமையலறைக் கதவு வழியாகக் கொல்லையில் போய் விழுந்தது.

"அடேயப்பா! என்ன பூய்யா அது?"

"பார்க்கத்தான் சார் அழகு. கோடைக்கு நாலு பூ பூக்கும். அதுலயும் ரெண்டு தொறக்காது. எவ்வளவு அழகா இருந்து என்ன பிரயோஜனம்? வேலை நடக்கவேணாமா? காத்துக்கிட்டு இருக்கிறவன் எத்தன நாள்தான் சார் காத்துக்கிட்டு இருப்பான்?"

வக்கீல் ஒற்றைக் கையில்லாத தம் கோட்டைப் பார்த்தார். பிறகு தையற்காரரைப் பார்த்தார். நீதிபதியின்முன் வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டு, "நீ சொல்லலாம்யா. அதச் சொல்றதுக்கு முழுத் தகுதி உள்ள ஆளு நீதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தையற்காரர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து, கேன்வாஸில் ஓடிக்கொண்டிருந்த ஊசி ஏனோ ஒருமுறை நின்றது, பிறகு ஓடிற்று.

அதற்குச் சில நாள் சென்று அந்தத் தவறு நிகழ்ந்தது. தையற்காரர் ஒருவரைத் தவிர உலகில் வேறெவரும் செய்யக்கூடிய தவறு அன்று அது.

தைத்து முடித்த துணியில் ஒரு நூற்பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அவரால் பொறுக்கமுடியாது. சுண்டுவிரலில் கோத்த சிறு நூற்கத்தரியோடுதான் அவர் பகல் முழுதும் நடமாடுவார். வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போட்டிருக்கும் சட்டையின் பிசிறை, எங்கே வாங்கினது என்று முகஞ்சுளித்தபடி, வெட்டிவிடுவார். ஒருமுறை மயானத்துக்குப் போகும் ஊர்வலத்தில் தமக்கு முன்னால் நடந்தவரின் முதுகில் பிசிறு ஒன்றைப் பார்த்துவிட்டு, அதை வெட்டுமளவும் அவருக்கு அழுகை வரவில்லை என்று மனைவி சொல்வாள்.

அன்று மனைவி வேலைக்குப் போனபிறகு, தேநீர்க் கோப்பையைக் கழுவக் கொல்லைக்கு வந்தவர் சீமாட்டியைப் பார்த்தார். தண்டுகளில் வாடிய பூக்கள் ஈரக் கந்தலாய்த் தொங்கின. போதாக்குறைக்கு ஒவ்வொரு பூவின் அடிக்காம்பிலும் சிவப்பாக ஒரு நூல். கிட்டப்போய்ப் பார்த்தார். காஜா நூல்! பொத்தான் துளைக்கு ஓரம் கட்டுவதற்கென்று கடைக்காரனோடு சண்டையிட்டு வாங்கிய பட்டு நூல்! அதையும் ஒழுங்காகவா கட்டியிருந்தது? ஏதோ மூட்டையைக் கட்டியதுபோல் ஒரு முடிச்சு. முடிச்சிலிருந்து இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்குப் பிசிறு. காற்றில் அது ஆடிற்று.

கத்தரி சுண்டுவிரலிலேயே இருந்தது. நூல், காம்பு, கந்தற்பூ என்று எல்லாவற்றையும் ஒரே வெட்டில் எடுத்தார். முதல் தண்டு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. தண்டுகள் நுனியில் நின்ற பச்சை மொட்டுகளோடு இஸ்திரி போட்டதுபோல் சுத்தமாக நின்றன. கீழே விழுந்தவற்றைப் பெருக்கி அள்ளினார். செடிக்கு வாழ்நாளிலேயே முதன்முறையாகத் தாம் ஒரு நன்மை செய்துவிட்டதாக அவருக்கு நிறைவு. மனைவி பார்த்தால் மகிழ்ந்துபோவாள் என்று எண்ணிக்கொண்டே ரொட்டியை அவித்த முட்டையோடு உண்டு, ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார்.

மாலையில் அவள் கொல்லைக்குப் போனாள். போனவள் வரவில்லை. தையற்காரர் பாராட்டை எதிர்பார்த்துக் கதவருகே போய் நின்றார். அவள் துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போட்டுப்போன செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சுத்தம் பண்ணிட்டேன் பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்."

"எவ்வளவு பிசிறு! நீ எடுத்திருந்தது பட்டு நூலு. கேட்டிருந்தா சாதா நூலு குடுத்திருப்பேன்ல?"

"அந்த நூலுதாங்க அடையாளம். நான்தான் சொன்னேனே. மகரந்தம் தடவின பூவுக்கெல்லாம் கட்டி வெச்சேன். பூ வாடினாலும் அடியில காய் இருக்கும். ரெண்டு காய் பிடிச்சிருந்துச்சு. பட்டாணி அளவுக்கு வந்துடுச்சு."

தையற்காரருக்குக் கத்தரி கோத்த விரல் கனத்தது.

"நீ எங்க சொன்ன?"

"தொடக்கூடாதுன்னு சொன்னேன். 'ம்'னீங்க."

"வாயில குண்டூசி இருந்திருக்கும்."

"காதுல இல்லையே."

பக்கத்து வீட்டு மாடிச் சுவரில் வெயில் மேலேறிக்கொண்டிருந்தது. அவள் திட்டியிருந்தால் அவர் திருப்பித் திட்டியிருப்பார், காரியம் முடிந்திருக்கும். அவளோ செருப்பின் வாரை அவிழ்த்தபடி, யாருக்கோ மருந்து சாப்பிடும் வேளையைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்:

"காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் யாரோ எழுதினதப் படிச்சு, யாரோ செஞ்சத எடுத்து, யாருக்கோ குடுக்கிறேன். அதுல ஒண்ணும் குறையில்ல. நல்ல வேலதான். ஆனா இது ஒண்ணாவது நானே எழுதினதா இருக்கட்டும்னு பார்த்தேன். எங்கயும் விக்காத பூ. எங்கிட்டருந்து வந்த பூ. அவ்வளவுதாங்க."

இத்தனை ஆண்டுகளில் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. கப்பலில் சமையற்காரனாக இருக்கும் மகன், என்ன வாங்கி வர என்று ஒவ்வொரு முறையும் கேட்பான்; ஒவ்வொரு முறையும் 'நீ வந்தா போதும்' என்பாள்.

"இன்னும் மொட்டு இருக்கே" என்றார் மெதுவாக.

"மூணு இருக்கு. மூணும் தொறக்கும்னு சொல்றதுக்கில்ல. மஞ்சள் முடியப் போகுது. மகரந்தத்த மட்டும் காலி கேப்ஸ்யூல்ல போட்டு ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கேன்."

மறுநாள் தையற்காரர் வெண்ணெய்க்காகக் குளிர்ப்பெட்டியைத் திறந்தவர், தட்டின் மூலையில் கிடந்த அந்தச் சிறு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கொஞ்சம் மஞ்சள் தூள். அக்காள் தூக்கிப் போட்ட செடியின் தூள். எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தார். வெண்ணெயை மறந்தார்.

மூன்றில் முதல் மொட்டு மஞ்சளித்து உதிர்ந்தது. இரண்டாவது நன்றாகவே விரிந்தது. மனைவி தூளைத் தடவினாள். தையற்காரர் அன்று கொல்லைப் பக்கம் கத்தரியில்லாமல் போய்வந்தார். சில நாளில் வாடிய பூ காம்போடு சேர்ந்தே விழுந்தது, பிடிக்கவில்லை. தையற்காரர் செடியைப் பார்த்து, "ஒனக்கு ஒரு வேலைகூட உருப்படியா செய்யத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய், வக்கீல் கோட்டின் காலரைப் பிரித்து மறுபடியும் தைத்தார். அரை நூலளவு ஏறியிருந்ததாக அவருக்குத் தோன்றியிருந்தது.

கடைசி மொட்டு விரியவேண்டிய காலையில் மழை தூறிற்று. பருவத்துக்குப் பொருந்தாத குளிர். மனைவிக்கு அன்று கடை திறக்கும் முறை; சீக்கிரம் போகவேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனவள், கையில் பல்குத்தும் குச்சியும் அந்தக் கூடுமாகத் திரும்பி வந்தாள்.

"ஒட்டிக்கிச்சுங்க. கரை மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு நிக்குது. மகரந்தம் தடவுற சூல்முடி உள்ளயே மடங்கிக் கெடக்கு. நான் இழுத்தா கிழிஞ்சிடும். விடுங்க, போகட்டும்."

தையற்காரர் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். இழுப்பறையில் துழாவி, காலர் முனை திருப்பும் எலும்புக் குச்சியை எடுத்தார். காலரை உட்புறமாகத் தைத்துப் புரட்டியபின் மூலையில் மாட்டிக்கொண்டிருக்கும் துணியை, நூல் அறாமல், துணி பொத்துக்கொள்ளாமல், முனைவரை தள்ளிக் கொண்டுவருவதற்கான குச்சி அது. நுனி மழுங்கியது. அவசரக்காரர் கையில் அதற்கு வேலையில்லை.

"நீ குடையப் பிடி" என்றார்.

மண்ணில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு முழங்காலிட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். சுருக்கக் கரை தங்க விளிம்போடு, வாய் இறுக்கிக் கட்டிய சிறு பைபோல் இறுகியிருந்தது. எந்தச் சுருக்கம் எதன்மேல் படிந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"கடைக்கு நேரமாச்சுங்க."

"நோயாளிங்க கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

"நீங்க சொல்லுவீங்க. உங்க ஆளுங்க பொறுத்துப் பொறுத்துப் பழகினவங்க."

குச்சியின் நுனி கரைக்குள் நுழைந்தது. தள்ளவில்லை; சுழற்றினார். ஒரு சுருக்கம் அவிழ்ந்தது, அடுத்தது அவிழ்ந்தது. முதல் இதழ் தானாகப் பின்னுக்குச் சாய்ந்தது. மழைத்துளி குடையோரத்திலிருந்து அவர் பிடரியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் அவர் கையெடுக்கவில்லை. இரண்டாம் இதழ் திறந்தபோது ஒரு மூலையில் மயிரிழையளவு கிழிந்தது. "சே" என்றார். மூன்றாம் இதழைக் குச்சி தொடுவதற்கு முன்பே அது திறந்துகொண்டது. உள்ளே மடங்கிக் கிடந்த சூல்முடி மெல்ல நிமிர்ந்து நீண்டது.

"இப்ப நீ" என்றார்.

அவள் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, கூட்டைத் திறந்து, பல்குத்தும் குச்சி நுனியில் தூளைத் தொட்டு, சூல்முடியின் தலையில் வைத்தாள். ஒரு பொட்டு மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அதன்பின் அந்தப் பூவுக்குமேல் ஒரு பழைய தேநீர்க் கோப்பையைக் கம்பியில் கவிழ்த்துத் தொங்கவிட்டு மழையை மறைத்தார்கள்.

"நூல் கட்டலையா?" என்று கேட்டார்.

"கட்டினா வெட்டுவீங்க."

"நான் கட்டுறேன்."

காஜா நூலையே எடுத்து வந்து, கோட்டுப் பொத்தானுக்குக் காம்பு சுற்றுவதுபோல் சுற்றி, நுனியை உள்ளே செருகி முடித்தார். எந்தப் பக்கமும் ஒரு பிசிறு நீளவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.

பிறகு வந்த நாள்களில் தையற்காரர் எழுந்ததும் முதலில் கொல்லைக்குப் போனார். பூ வாடிற்று, உதிர்ந்தது, அடிக்காம்பு உதிரவில்லை. நூலுக்குமேல் ஏதோ பச்சையாகத் தடித்தது. ஒருநாள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து அதைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தவர், சமையலறைக் கதவில் நின்ற மனைவியைக் கண்டதும் நாடாவால் சுவரை அளப்பதுபோல் பாவனை செய்தார்.

அக்காள் வந்தாள். வந்தவள் நேரே மூலைக்குப் போய்த் தன் மஞ்சளைப் பார்த்தாள்.

"டேய் தம்பி, என் செடியப் பாருடா! பூத்து முடிச்சும் எப்படி நிக்குது! உன் பொண்டாட்டி காசு குடுத்து வாங்கினது இன்னும் மூணு எலையோட முழிச்சுக்கிட்டு நிக்குது. எடுத்துக் கெடாசிட்டுக் கொட்டாயப் போடுவியா, அதுக்கு விசிறிக்கிட்டு நிப்பியா?"

"அண்ணி, அது காய் பிடிச்சிருக்கு. உங்க மஞ்சள்தான் மாப்பிள்ளை" என்றாள் மனைவி.

அக்காள் குனிந்து காயைப் பார்த்தாள். முகம் மாறிற்று.

"அப்ப நான் சம்பந்தியா?"

"ஆமா அண்ணி."

"அதான பார்த்தேன்! எங்க பக்கத்துச் சாயல் தெரியுது" என்றாள் அக்காள், பச்சைக் காயை உற்றுப் பார்த்தபடி. தேநீர் குடித்து முடிக்குமுன், பெண் வீட்டார் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை, பிடித்த காயெல்லாம் மாப்பிள்ளையின் சாமர்த்தியம் என்று மூன்று முறை சொன்னாள். போகும்போது, "தம்பி, பார்த்து நட. கால் படப் போகுது" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

காய் இன்னும் பச்சையாக இருக்கும்போதே வெல்டர் வந்துவிட்டான். விடுமுறை நாள், மனைவியும் வீட்டில் இருந்தாள். இரும்புக் குழாய்களையும் தகரங்களையும் நடை வழியாகக் கொல்லைக்குக் கடத்திவிட்டுக் கடப்பாரையை எடுத்தான்.

"இந்தச் செடியத் தூக்கிடலாமா? இப்ப விட்டா அப்புறம் எனக்கு ரெண்டு மாசத்துக்கு நேரமில்ல."

தையற்காரர் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டிருந்தார். கோடு சீமாட்டியின் நடுவயிற்றில் ஓடிற்று.

மனைவி முன்வந்து, "காய் பழுக்க இன்னும் நாளாகும். வேரோட மண்ணோட தொட்டிக்கு மாத்திப் பார்க்கலாங்க. காய் தங்கினா தங்கட்டும். கோடை வரைக்கும்னுதான் கேட்டேன், கோடை முடிஞ்சுது. சொன்னா சொன்னதுதான்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். பேசியபடி பார்த்தால் இடம் அவருடையது. மெத்தையைத் தூக்கி நிறுத்தும் தொல்லை இன்றோடு ஒழியும். தையற்காரர் சுண்ணக்கோட்டையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேல மெதுவா நடக்குதுன்னு ஒருத்தர வீட்டவிட்டு அனுப்பிட முடியுமா?" என்றார், எவரிடம் என்றில்லாமல்.

"முடியாதுங்க" என்றாள் மனைவி. "நானும் அனுப்பலையே."

தையற்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கொடியில் துணி உலர்த்தத் தொடங்கிவிட்டாள். வக்கீல் என்றைக்கோ சொல்லிவிட்டுப் போனது அப்போதுதான் அவருக்கு முழுதாய்ப் புரிந்தது. கோபம் வரவேண்டிய இடம், ஏனோ வரவில்லை.

குனிந்து சுண்ணக்கோட்டை உள்ளங்கையால் அழித்தார். அளவு நாடாவைப் போட்டு இலைகளின் வீச்சை அளந்தார். வெயில் வரும் திசையைக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு, தோளிலிருந்து விலாவுக்கு இறங்குவதுபோல், செடியைச் சுற்றி உள்வாங்கிய ஒரு வளைவை ஒரே வீச்சில் போட்டார்.

"இங்க ஒரு கைக்குழி வெட்டிடு."

"என்னது?"

"கைக்குழிப்பா. சட்டையில கை போற எடம். கூரைத் தகரத்துலயும் இதே வளைவு; பக்கத் தகரத்துலயும் இதே வளைவு. செடி வெளிய நிக்கும். கொட்டாய் அதச் சுத்திக்கிட்டுப் போகும்."

வெல்டர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். "எத்தனையோ கொட்டாய் போட்டிருக்கேன். எதுக்கும் கை வெச்சதில்லையே. நேரா வெட்டினாத்தாங்க தகரம். வளைச்சா ஓரம் கத்தி மாதிரி நிக்கும்."

"ஓரத்த அரை அங்குலம் உள்ள மடி."

"தகரத்தையா?"

"மடிக்காத ஓரத்த நான் வாசப்படி தாண்ட விடமாட்டேன்."

வெல்டர் மனைவியின் பக்கம் திரும்பி நியாயம் கேட்டான். அவள் கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் நின்றிருந்தாள். தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. தையற்காரருக்கு விளங்கிற்று.

ஒரு நாள் வேலை மூன்று நாளாயிற்று. வளைவு ஒழுங்காக அமையவில்லை என்று தையற்காரர் இருமுறை தகரத்தை இறக்கவைத்தார். "இவருக்குச் சட்டை தைக்கக் குடுத்தவங்க நெலைமைய நெனச்சா பாவமா இருக்கு" என்று வெல்டர் தெருவில் சொல்லிக்கொண்டு போனான். ஆனால் வேலை முடிந்து சற்று விலகி நின்று பார்த்தபோது, மடித்த ஓரம் வெயிலில் ஒரே சீராக மின்னுவதைக் கண்டு, தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டவனும் அவனே.

நீண்ட மேசை உள்ளே வந்தது. வளைவு உள்வாங்கிய இடத்தில் மேசைக்கும் தகரத்துக்கும் இடையே ஓர் ஆள் நேராக நிற்க இடமில்லை. அங்கே வரும்போதெல்லாம் தையற்காரர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். முதல் வேலையாக வக்கீல் கோட்டை அந்த மேசையில் விரித்துப் போட்டு முடித்து அனுப்பினார். வக்கீல் அதை அணிந்து கண்ணாடிமுன் நின்று, வாதிட ஒன்றும் கிடைக்காமல், வாய் மூடிப் போனார்.

காய் பழுத்துப் பழுப்பேறி மூன்றாக வெடித்தது. மனைவி உள்ளங்கையில் தட்டினாள். கறுத்து மினுங்கும் விதைகள், நான்கே நான்கு. மஞ்சள் லில்லியாக இருந்தால் கைநிறையக் கொட்டியிருக்கும்.

"நாலுதானா?" என்றார் தையற்காரர்.

"நாலு போதுங்க." அவள் முகத்தைப் பார்த்தால் நானூறு கிடைத்ததுபோல் இருந்தது. "முளைச்சுப் பூக்க ரெண்டு மூணு வருஷமாகும். என்ன நெறமோ, யாரு சாயலோ!"

நான்கு சிறு தொட்டிகளில் மண் நிரப்பி, தொட்டிக்கு ஒன்றாக ஊன்றினாள். காலை வெயில் படவேண்டும், காற்று படவேண்டும், பூனை படக்கூடாது. வீடு முழுதும் தொட்டிகளோடு சுற்றிப் பார்த்தாள். அத்தனைக்கும் பொருந்திய இடம் ஒன்றுதான் இருந்தது. வளைவின் வழியாக வெயில் சாய்ந்து விழும் வெட்டு மேசையின் தலைமாடு. அங்கே நான்கையும் வரிசையாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள்.

தையற்காரர் அன்று ஒரு கோட்டுக்குத் துணி வெட்டவேண்டியிருந்தது. துணிச்சுருளை விரித்துக்கொண்டே வந்தவர் தொட்டிகளருகே வந்து நின்றார். துணி இன்னும் ஒரு முழம் விரியவேண்டும், மேசை முடிந்துவிட்டது. தொட்டிகளைப் பார்த்தார். மண் ஈரமாக இருந்தது. அதன்மேல் இன்னும் ஒன்றும் இல்லை. பிறகு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குப் போய், மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்.